தாயின் பெயரையும் கேட்டவர்

இரத்தம் நிறைந்த குழாயை அவர் எட்டுத் தரம் புரட்டுவார். மூடி மேலே, மூடி கீழே, அவசரமில்லாமல். ஒன்பது தரம் புரட்டி நான் கண்டதில்லை, ஏழோடு நிறுத்தியதும் இல்லை. ஒருமுறை ஐந்தாவது தரத்தில் நான் ஏதோ கேட்டுவிட்டேன். மறுமொழி சொல்லாமல் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார். எட்டும் முடிந்து குழாயைத் தாங்கியில் நிறுத்திய பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இப்ப கேளுங்கோ ஐயா."

எனக்குக் கேட்க வந்தது மறந்துபோயிருந்தது.

நான் எதையும் எண்ணுகிறவன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருடம் காணிப் படம் வரைந்தேன். அங்கே பழகிய பழக்கமா, அதற்கு முன்பே இருந்த வியாதியா என்று தெரியாது. பயம் வந்தால் எனக்கு எண்ணிக்கை வந்துவிடும் என்பாள் என் மனைவி. அந்த ஆஸ்பத்திரியில் மேல் விடுதிக்குப் போகும் படிகள் இருபத்திரண்டு. இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே மரவாங்குகள் மூன்று. மூன்றாவது வாங்குக்கு ஒரு கால் குட்டை. எழுபத்து நாலு வயதில் அந்த மூன்றாவது வாங்கில் நான் இருந்து எழும்பிய நாள்களையும் எண்ணி வைத்திருக்கிறேன். ஆனால் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தாதிமாரைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் 'மிசி' என்றோம். வருகிறவர்கள் எல்லோரிடமும் பெயர் கேட்ட ஒருவரிடம் நான் ஒருநாளும் பெயர் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. இப்போது அந்த அறையில் வேறொருவர் இருக்கிறார். அவர் அடையாள அட்டை இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்.

குருநகர்ப் பெண் என்று யாரோ சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். மெலிந்த, நரம்போடிய கைகள். சுட்டுவிரலில் பத்து மொட்டுகள் வைத்த செபமாலை மோதிரம் போட்டிருப்பார். கையுறை போடுமுன் அதைக் கழற்றித் தகரச் சிமிழ் ஒன்றுக்குள் இடுவார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் அடுத்தது ஊசி என்று வெளியே வாங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என் கடைசி மகன் சுதனைத்தான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவன் விவசாயப் போதனாசிரியர். நீர்வேலி வாழைத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிளோடு திரிகிறவன். முப்பத்திரண்டு வயது, அதுவரை ஒரு பனடோலுக்கு மேல் போகாத உடம்பு. ஒருநாள் கால் கழுவிக்கொண்டிருந்தவனுடைய கணுக்காலில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன். பதினேழு. நுளம்புக் கடி என்றான். மூன்றாம் நாள் என்னால் எண்ண முடியவில்லை. அடுத்த நாள் பல் துலக்கும்போது தொடங்கிய இரத்தம் நிற்கவில்லை.

எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது என்றார் டொக்டர். வேறொருவருடைய மச்சையிலிருந்து கலங்களை எடுத்து இவனுக்கு ஏற்ற வேண்டும், அதைக் கொழும்பில் செய்யலாம், ஆனால் பொருந்துகிற ஆள் வேண்டும் என்றார். இரத்த வகை ஒன்றா என்பது இதற்கு முக்கியமில்லையாம். எது தன்னுடையது, எது அந்நியம் என்று உடம்பு பிரித்தறிவதற்கு ஒவ்வொரு கலத்தின் மேலும் சில அடையாளங்கள் இருக்கின்றனவாம். அவற்றில் பத்தைப் பார்ப்பார்கள். ஐந்து தகப்பனிடமிருந்து ஒரு கட்டாக வரும், ஐந்து தாயிடமிருந்து ஒரு கட்டாக வரும். தகப்பனிடம் இருப்பது இரண்டு கட்டு, தாயிடம் இரண்டு கட்டு, பிள்ளைக்குப் போவது ஒவ்வொன்று. டொக்டர் ஒரு தாளின் பின்பக்கத்தில் நாலு பெட்டி கீறிக் காட்டினார்.

"கூடப் பிறந்த ஆளெண்டால் நாலிலை ஒரு பங்கு சந்தர்ப்பம் இருக்கு. வெளியாலை தேடுறது சரியான கஷ்டம். எத்தினை சகோதரம் இருக்கெண்டு கீழை மிசியிட்டைப் பதியுங்கோ."

மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. நான் அந்த நாலு பெட்டியையும் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

கீழே போனோம். மிசி பேனையை எடுத்தார்.

"பேர்?"

"சுதன்," என்றேன் நான்.

"ஐயா, ஊசி உங்களுக்கோ?"

சுதன் சிரித்தான். ஒரு கிழமைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"அப்ப அவர் சொல்லட்டும். தம்பி, உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

அவன் பெயர் சொன்னான். பிறந்த திகதி சொன்னான்.

"அம்மான்ரை பேர்?"

"புவனேஸ்வரி."

எனக்குப் பொறுக்கவில்லை. "அடையாள அட்டை இருக்கு, திகதி இருக்கு. தாயின்ரை பேர் என்னத்துக்கு மிசி?"

அவர் குழாயில் எழுதி முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

"இஞ்சை கன பேருக்கு ரெண்டு பிறந்த திகதி இருக்கு ஐயா. வெளிநாடு போக ஒண்டு, பென்சனுக்கு ஒண்டு. சில பேருக்குப் பேரும் ரெண்டு. தாய் ஒண்டுதானே."

அந்த அறையில் மூன்று காற்றாடிகள். ஒன்று சுழலவில்லை. நான் அதன் இறக்கைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

எங்களுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவள் வதனி, கரவெட்டியில் கல்யாணம் செய்து இருக்கிறாள். அடுத்தவன் ரூபன் கனடாவில். மஞ்சு எங்களோடு சண்டிலிப்பாயில், பக்கத்து வளவில். கடைசி சுதன். இதில் வதனி நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை. என் தம்பியின் பிள்ளை. தம்பியும் மனைவியும் ஒரே ஷெல்லில் போனபோது அவளுக்கு எட்டு மாதம். அன்று பகல் அவள் எங்கள் வீட்டில் நித்திரையாக இருந்ததால் தப்பினாள். அதற்குப் பிறகு மூன்று ஊர் மாறினோம். போன ஊர்களில் எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை, அவள் எங்களை அம்மா அப்பா என்றுதான் கதைக்கப் பழகினாள், பதிவும் அப்படியே எடுத்தோம். சண்டிலிப்பாய்க்குத் திரும்பி வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. விசயம் தெரிந்த ஓரிருவர் வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது.

இப்போது ஒரு குழாய் இரத்தம் அதைச் சொல்லிவிடப் போகிறது.

சுதனைச் சக்கர நாற்காலியில் மேலே கொண்டுபோன பிறகு மிசி படிவத்தை என் பக்கம் தள்ளினார். "சகோதரம் எத்தினை பேரெண்டு நீங்களே எழுதுங்கோ ஐயா." நான் இரண்டு என்று எழுதினேன். முப்பத்தாறு வருடத்தில் ஒரு பேர்ச் காணியைக்கூட நான் பிழையாக எண்ணியதில்லை. அந்தத் தாளில் என் கையெழுத்தில் இரண்டு என்று இருக்கிறது.

அவர் படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுதனுக்கு ஊசி ஏற்றும்போது பதற்றத்தில் நான் உளறிக்கொண்டிருந்தேன். "இவன் கடைக்குட்டி மிசி, நாலாவது, ஊசிக்குப் பயந்தவன்" என்று சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று மூச்சு விடும் நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் படிவத்தை உறைக்குள் வைத்தார். கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லித் தப்பியிருப்பேன். அவர் கேட்காமல் விட்டது வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் பானையைக் கழுவிக்கொண்டு கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"முதல் மற்ற ரெண்டு பேரையும் பாக்கட்டும். பொருந்தினால் இவளை ஏன் இழுப்பான்? அந்தப் பேப்பர் வந்து அவள் எங்களைப் பாக்கிற பார்வை எனக்கு வேண்டாம். ரெண்டு பிள்ளையளை ஒரேயடியாய் விட எனக்குச் சக்தியில்லை."

நாலில் ஒரு பங்கு, இரண்டு ஆள். இரண்டு பேரும் பொருந்தாமல் போவதற்குப் பதினாறில் ஒன்பது பங்கு. ஒருவராவது பொருந்துவதற்கு ஏழு. நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டும் தலையை ஆட்டினேன்.

வதனி ஒவ்வொரு நாளும் கரவெட்டியிலிருந்து அழைத்தாள்.

"அப்பா, என்னை எப்ப கூப்பிடுவினம்?"

"பொறு பிள்ளை. வயது குறைஞ்ச ஆக்களைத்தான் முதல் பாக்கினமாம்."

"நாப்பது வயதிலை நான் கிழவியே? உங்கடை டொக்டருக்குச் சொல்லுங்கோ, நான் இப்பவும் தண்ணி இறைக்கிற பம்மைத் தனியத் தூக்கிறனான் எண்டு."

ரூபன் அங்கேயே இரத்தம் கொடுத்தான். மஞ்சுவுக்கு மிசி எடுத்தார். குழாய்கள் கொழும்புக்குப் போய் மறுமொழி வரக் காத்திருந்த நாள்கள் பத்தொன்பது. அந்த நாள்களில் நான் சுதனோடு மேலே இருந்ததைவிட அந்தக் குட்டைக்கால் வாங்கில் இருந்ததுதான் அதிகம். மேலே போனால் அவனுடைய குருதித் தட்டுக்களின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைத்திருப்பார்கள். பன்னிரண்டாயிரம் இருந்தது ஒன்பதாயிரமாகி, ஏழாயிரமானது. எண்களை இவ்வளவு வெறுக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன்பு தெரியாது.

வாங்கில் இருந்தபடி மிசியைக் கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கப் பயம் கூடியது.

ஒருநாள் வேறொரு மிசி நேரம் மிச்சம் பிடிக்கவென்று மூன்று வெறுங்குழாய்களில் முன்கூட்டியே பெயர் ஒட்டி அடுக்கி வைத்திருந்தார். இவர் வந்து பார்த்தார். மூன்றையும் எடுத்துக் கழிவு வாளிக்குள் போட்டார்.

"ஏன் அக்கா, சரியான பேர்தானே?"

"வெறுங்குழாயிலை பேர் இருக்கக்கூடாது."

அவ்வளவுதான். ஏசவில்லை. அந்த இளம் மிசிக்கு ஏச்சு விழுந்திருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னொருநாள் சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், தமக்கைக்குப் பொருந்துமா பார்க்க வந்திருந்தார். கழுத்தில் தடித்த சங்கிலி. பெயர் கேட்டதும் தடுமாறினார்.

"பாஸ்போட்டிலை இருக்கிற பேரோ மிசி, கூப்பிடுற பேரோ?"

"வீட்டிலை அம்மா என்னெண்டு கூப்பிடுவா?"

"சின்னவன்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நூறு கிலோச் சின்னவன்," என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்.

"அம்மான்ரை பேர்?"

"ரோசலின்."

"பாஸ்போட்டிலையும் அதுவோ?"

"இல்லை மிசி, அதிலை வேறை ஆரோ ஒரு மனுசி. நான் கண்டதுமில்லை."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மிசி மட்டும் சிரிக்காமல் இரண்டு பெயரையும் குழாயில் நுணுக்கமாக எழுதினார். "ரெண்டையும் எழுதினால்தான் பேந்து ஒருத்தரும் உங்களை ரெண்டு ஆளாக்க மாட்டினம்," என்றார். சங்கிலிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நானும்தான்.

அறையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டுவிட்டேன். மோதிரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் ஒருக்கா தாய் சொன்னதைக் கேட்டு எழுதினனான். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளை இருந்த காலம். அண்ணன் தம்பி ரெண்டு பேர் காயத்தோடை. அந்த மனுசி பயத்திலை பேரை மாறிச் சொல்லிப்போட்டுது."

"பேந்து?"

"பேந்துதான் நான் ஆளையே கேக்கத் துவங்கினனான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பயத்தில் பெற்றோர் சொல்லும் எண்ணிக்கையையும் இவர் நம்பமாட்டார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

இருபதாம் நாள் காலை டொக்டர் என்னை விடுதிக்கு வெளியே கூப்பிட்டார். ரூபன் பத்துக்கு ஐந்து. மஞ்சு பத்துக்கு இரண்டு.

"பாதி பொருந்தின ஆளை வைச்சும் செய்யலாம். ஆனால் இவரின்ரை நிலைமையிலை ஆபத்து கூடுதல். வேறை சகோதரம் இல்லையே?"

"பாத்துச் சொல்லுறன்," என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்வதில்லை.

இருபத்திரண்டு படி இறங்கி வந்து மூன்றாவது வாங்கில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாங்கு ஒரு பக்கம் சரிந்தது. மிசி வந்து பக்கத்தில் அமர்ந்திருந்தார். மடியில் என்னுடைய படிவம்.

"ஐயா, சுதன் எத்தினையாவது பிள்ளை?"

அவர் காத்திருந்தார். அவர் காத்திருக்கிற விதத்தை எப்படி எழுதுவது? முகத்தில் அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. நான் சொல்லாவிட்டால் பின்னேரம் வரைக்கும் அப்படியே இருப்பார். திறந்திருந்த கதவுக்குள் தெரிந்த தாங்கியில் இருபது குழாய்க்கு இடம், பதின்மூன்றில் குழாய் இருந்தது, ஏழு வெறுமை. அதை நான் நாலு தரம் எண்ணினேன்.

"மூத்தவள் என்ரை பிள்ளை இல்லை மிசி."

நாற்பது வருடத்தில் அந்த வசனத்தை வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். மிச்சத்தையும் சொன்னேன். தம்பி, ஷெல், எட்டு மாதம், மூன்று ஊர்.

"பெத்த தாய் உங்கடை மனுசிக்கு என்ன முறை?"

"தங்கச்சி."

"கூடப் பிறந்தவவோ?"

"ஓம். அண்ணனும் தம்பியும் அக்காவையும் தங்கச்சியையும் கட்டினது. ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம். எல்லாரும் சொந்த மச்சான் மச்சாள்தான்."

அவர் நிமிர்ந்தார். முதல் தரமாக அந்த முகத்தில் ஓர் அவசரத்தைக் கண்டேன்.

"அப்ப ரெண்டு பக்கத்தாலையும் உங்கடை வீட்டுக் கட்டுகள்தானே அவவுக்கும் வந்திருக்கும். இதையோ ஐயா ஒளிச்சு வைச்சனீங்கள்?"

என் தாய் தகப்பனிடம் இருந்த நாலு கட்டில் ஒன்று, மனைவியின் தாய் தகப்பனிடம் இருந்த நாலு கட்டில் ஒன்று. "பதினாறிலை ஒண்டு," என்றேன்.

"சொந்தத்துக்குள்ளை கட்டினபடியாலை அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். கணக்கை விடுங்கோ. நாளைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"பேப்பரிலை தெரியுமோ மிசி? அவள் எங்கடை பிள்ளை இல்லையெண்டு?"

"தெரியலாம். தெரியாமலும் விடலாம். நானாக் கதைக்கமாட்டன். அவ என்னட்டைக் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன்."

"கேட்டால்?"

"அப்பாட்டைக் கேளுங்கோ எண்டு சொல்லுவன். டொக்டருக்கும் நீங்கள்தான் சொல்லவேணும், உங்கடை வாயாலை."

இருபத்திரண்டு படி ஏறிப் போய் டொக்டரிடம் சொன்னேன். வதனியை அழைத்து நாளைக்கு வரச்சொன்னேன். வீட்டுக்குப் போய், மிசியிடம் சொல்லிவிட்டதையும் வதனி வருவதையும் மனைவியிடம் சொன்னேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாமியறையில் விளக்கைக் கொளுத்திவிட்டு அதன் முன்னால் இருந்தாள். நான் சொன்னதை மிசி ஒருவரிடமும் சொல்லமாட்டார் என்றேன். "மிசி சொல்லாட்டி என்ன, ரத்தம் சொல்லுமே," என்றாள்.

மறுநாள் வதனி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"பத்தொன்பது நாள் பொய் சொல்லி என்னைப் பேக்காட்டினனீங்கள் அப்பா. வயதுக் கணக்கு ஒண்டும் டொக்டர் சொல்லேல்லையெண்டு மஞ்சு சொன்னவள். தம்பி கிடக்கிற கிடைக்கு நீங்கள் என்னத்தை எண்ணிக்கொண்டு இருந்தனீங்கள்?"

அவளுக்குப் பின்னால் நடந்து அறைக்குள் போனேன். வெளியே நில்லுங்கள் என்று மிசி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சிமிழில் மோதிரம் விழுந்தது. வதனியின் கையைத் தலையணையில் வைத்து இறப்பர் பட்டியைக் கட்டினார்.

"பேர்?"

"வதனி."

பிறந்த திகதி சொன்னாள். அடையாள அட்டை இலக்கம் சொன்னாள்.

"அம்மான்ரை பேர்?"

புவனேஸ்வரி என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் எண்ணத் தொடங்கினேன். ஆறு, ஏழு, எட்டு. அவள் தன் கையிலிருந்த பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றில் வாய் திறந்தாள்.

"எந்த அம்மா மிசி?"

என்னை அவள் பார்க்கவில்லை. மிசியும் பார்க்கவில்லை. வெளியே யாரோ ஒரு குழந்தையை அதட்டுவது கேட்டது. எல்லோரிடமும் மறுமொழிக்குக் காத்திருந்த அந்த மனுசி, தன்னிடம் ஒரு கேள்வி வந்ததும் பேனையைக் கீழே வைத்தார். பட்டி நெடுநேரம் இறுக்கிக் கிடக்கக்கூடாது என்று அதைத் தளர்த்திவிட்டார். வதனியின் முழங்கையில் பட்டி பதிந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு பேனையை எடுத்தார்.

"ரெண்டு பேரையும் சொல்லுங்கோ பிள்ளை."

"பெத்தவ தவமணி. அம்மா புவனேஸ்வரி."

அந்தச் சின்னத் தாளில் ஒரு வரிக்குத்தான் இடம். இரண்டு வரியாக, எறும்பு எழுத்தில் எழுதினார். எழுதியதை அவளிடம் காட்டினார். அவள் தலையாட்டினாள். பட்டியை மறுபடி இறுக்கி, ஊசி ஏற்றி, குழாய் நிறைந்து, புரட்டினார். எட்டுத் தரமாகத்தான் இருக்கும். நான் எண்ணவில்லை.

வெளியே வந்து வாங்கில் இருந்தோம். அவள் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"எப்ப தொடக்கம் பிள்ளை?"

"பதினாலு வயதிலை. கோயிலடியிலை ஒரு மனுசி என்ரை முகத்தைப் பாத்துத் 'தவமணி' எண்டு கூப்பிட்டிட்டு அழத் தொடங்கினது. பேந்து நானே விசாரிச்சன்."

"ஏன் எங்களைக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் நீங்கள் எனக்கு ஏசுறதை விட்டிருப்பியள் அப்பா. விருந்தாளி மாதிரிப் பாத்திருப்பியள். எனக்கு அது பயமாயிருந்தது." பஞ்சை எடுத்துப் பார்த்து மறுபடி அழுத்தினாள். "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, எனக்குத் தெரியும் எண்டு. அவ தாங்கமாட்டா."

இருபத்தாறு வருடம். அதை நான் அந்த இடத்திலேயே கழித்துப் பார்த்தேன். ஒரே வீட்டில் மூன்று பேர், ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பயந்து.

பின்னேரம் வீட்டுப் படலையிலேயே மனைவி நின்றாள்.

"என்ன கேட்டது மிசி?"

"பேர் கேட்டது."

"வேறை?"

"அம்மான்ரை பேர்."

"என்னவாம் சொன்னவள்?"

"அம்மா புவனேஸ்வரி எண்டு சொன்னவள்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சோறு போடட்டோ என்று கேட்டாள். வதனி சொன்னதிலும் பொய்யில்லை, நான் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் அன்று தொடக்கம் நான் ஒரு புதுப் பயத்தோடு இருக்கிறேன். இன்றுவரை மனைவிக்குத் தெரியாது, வதனிக்கு உண்மை தெரியும் என்பது.

பதினோராம் நாள் மிசி என்னை வாங்கிலிருந்து கையால் கூப்பிட்டார். "பத்து," என்றார். நான் விளங்காதவன்போல நின்றிருக்க வேண்டும். "பத்துக்குப் பத்து ஐயா." உறுதிப்படுத்த இன்னொருமுறை இரத்தம் எடுத்தார்கள். வதனி இன்னொருமுறை இரண்டு பெயரும் சொன்னாள். அதுவும் பத்து.

"பேப்பரிலை ஏதும் தெரியுதோ மிசி?"

"ஒண்டும் தெரியாது. ஒரு தாய் தகப்பன் பிள்ளையள் மாதிரித்தான் கிடக்கு."

நான் எதற்குப் பயந்தேனோ அதைக் காகிதம் சொல்லவே இல்லை. அதற்காக என் மகனின் பத்தொன்பது நாளை நான் செலவழித்திருந்தேன்.

கொழும்பில் வதனியின் கலங்களை ஏற்றினார்கள். பதினாறாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. நூறு நாள் எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ண வேண்டாம் என்றார்கள், எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். சுதன் மறுபடி வாழைத் தோட்டங்களில் திரிகிறான். முன்பு அவனுடைய இரத்த வகை ஓ, மச்சை மாறியதால் இப்போது வதனியின் பி. எங்கேயும் கேட்டால் "அக்கான்ரை வகை" என்பான். அவன் தும்மினால் எத்தனை தரம் என்று எண்ணுவேன். குளிக்கும்போது அவன் கணுக்காலைப் பார்ப்பேன். அவனுக்கு அது தெரியும். காலைத் தூக்கிக் காட்டுவான், "ஒண்டும் இல்லை அப்பா, பூச்சியம்," என்று.

மிசியைக் கடைசியாகக் கண்டது இரத்தத்தில் சீனி பார்க்கப் போன நாளில். எனக்குத்தான் சீனி. வரிசை அவருடைய அறைக்குக் கொண்டுபோய் விட்டது. என்னைத் தெரியும் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. மோதிரம் சிமிழில் விழுந்தது.

"பேர்?"

சொன்னேன்.

"அம்மான்ரை பேர்?"

என் தாய் போய் ஐம்பத்தொரு வருடம். அவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்லி அதில் பாதிக் காலமாவது இருக்கும். நல்லம்மா என்றேன். எழுதினார். ஊசிக்குக் கையை நீட்டினேன். அவர் ஊசியை எடுக்கவில்லை.

"பிள்ளையள் எத்தினை பேர் ஐயா?"

சீனிப் பரிசோதனைப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"நாலு," என்றேன்.

அவர் அதை எங்கேயும் எழுதவில்லை. பட்டியை எடுத்து என் கையில் கட்டினார்.